நாலாவது மொட்டை

என் மகனின் கல்யாணப் பேச்சு ஒரு சந்தோஷக் கூச்சலில் நின்றுபோனது. சண்டையில் நின்றிருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. சண்டை போடுவதற்கு என்னிடம் எப்போதும் சரக்கு இருக்கும்.

பெண்ணும் பையனும் ஓசூர் சிப்காட்டில் ஒரே கம்பெனியில் வேலை. அவன் தரப் பரிசோதனை, அவள் அசெம்பிளி லைனில் சூப்பர்வைசர். இரண்டு வருஷம் அவன் பாஸ் செய்த சாமான்களை அவள் திருப்பி அனுப்பி, அவள் அனுப்பியதை இவன் திருப்பி அனுப்பி, கடைசியில் இரண்டு பேரும் வீட்டில் வந்து சொல்லிவிட்டார்கள். அவள் வீடு கல்லாவி. நம்ம ஆட்கள்தான், நிலம் வைத்திருக்கும் குடும்பம். யாருக்கும் மறுப்பு இல்லை. மத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். அங்கே என் கணவரின் அண்ணன் வீட்டில் பேச்சு வைத்தோம்; அவரைத்தான் பெரியவர் என்போம். ஓசூரில் எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது என்றாலும், பெரியவரின் கணக்கில் அது ஷிப்ட்டுக்குப் போய்வர ஒரு ரூம். நல்ல காரியம் என்றால் அவர் வீட்டுக் கூடத்தில்தான் தொடங்க வேண்டும்.

காபி வந்தது. பெண்ணின் அப்பா டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டே சுவரில் மாட்டியிருந்த பழைய குரூப் போட்டோவைப் பார்த்தார். எழுந்து கிட்டே போனார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அட, இது எங்க தாத்தா!"

எல்லாரும் சிரித்தோம். நான் கையைக்கூடத் தட்டினேன் என்று நினைக்கிறேன். அசலூர்க்காரர் என்று நினைத்தவரின் தாத்தா எங்கள் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறார் என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை.

"எதுங்க உங்க தாத்தா? இந்தக் கடைசி மொட்டையா?"

"அவரேதாங்க. காதைப் பாருங்களேன், எங்கப்பாவுக்கும் இதே காதுதான்."

"எங்க தாத்தா கருமாதியில உங்க தாத்தா எதுக்குங்க மொட்டை போட்டாரு?"

எல்லாரும் எழுந்து போட்டோ கிட்டே போனோம். அந்தப் போட்டோ, என் கணவரின் தாத்தா இறந்து பதினாறாம் நாள் கருமாதியில் எடுத்தது. முன்வரிசையில் நாலு மொட்டைத் தலைகள். மூன்று பேர் இறந்தவரின் மகன்கள். அதில் நடுவில் இருப்பவர் என் மாமனார். நாலாவது யார் என்று முப்பது வருஷமாக அந்தப் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்ட நானும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் கருமாதிக்கு மொட்டை போடுவது மகன்களும் பங்காளிகளும்தான், அதாவது ஒரே ஆண் வழியில் வந்தவர்கள். மைத்துனனோ மருமகனோ போட மாட்டான். அப்படியென்றால் நாலாவது மொட்டை பங்காளி. பங்காளி வீட்டுப் பெண் என்றால் என் மகனுக்குத் தங்கை முறை. அவ்வளவுதான், கல்யாணம் முடிந்தது.

போதாக்குறைக்குக் குலதெய்வ விஷயமும் வெளியே வந்தது. முன்னாடியே விசாரித்திருந்தோம், அவர்களுக்கும் முனியப்பன், எங்களுக்கும் முனியப்பன். இந்தப் பக்கத்தில் ஏரிக்கு ஒரு முனியப்பன் இருப்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது எந்த ஏரி என்று பெரியவர் கேட்டார். எங்கள் ஏரியேதான். பெண்ணின் அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நாம அண்ணன் தம்பிங்களா?" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

எனக்கு முறை கிறை என்பதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. கொள்ளுத்தாத்தா மொட்டை அடித்ததற்கு இந்தக் குழந்தைகள் என்ன செய்யும்? ரெஜிஸ்டர் ஆபீஸில் வைத்து முடித்துவிடலாம் என்று மகனிடம் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவ ஒத்துக்க மாட்டாம்மா. நானும்தான். கேன்டீன்ல எதிர்ல உக்காந்தா என்னன்னு கூப்பிடறதுன்னே தெரியல. நேத்து அவ டேபிள் மாறி உக்காந்துட்டா. நான் டீ பிரேக்கையே மாத்திகிட்டேன்."

இரண்டு வருஷம் சண்டை போட்டுப் பழகியவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் சுவரோரம் ஒதுங்கிப் போகிறார்கள் என்று கேட்டதும் நான் கல்லாவிக்குப் போன் போட்டேன். பெண்ணின் அப்பா நல்ல மனுஷன். ஆடி மாதம் முழுக்கக் காத்திருக்கிறேன், ஆவணி பிறந்தால் பர்கூரிலிருந்து ஒரு வரன் பார்க்க வருகிறார்கள், அதற்கு முன் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். ஆடியில் யாரும் பெண் பார்க்க வர மாட்டார்கள் என்பதால் எனக்கு ஒரு மாதம் கிடைத்தது.

நான் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் டைம் ஆபீஸில் இருபத்தெட்டு வருஷமாக வேலை செய்கிறேன். யார் எந்த ஷிப்ட், யார் யாருக்குப் பதிலாக வந்தான், எவன் கார்டை எவன் தேய்த்தான் என்று பட்டியல் பார்ப்பதே பிழைப்பு. ஒரு ஆள் எந்த வரிசையில் நிற்கிறான் என்பதை வைத்து அவன் யார் என்று சொல்லிவிடக் கூடாது, பட்டியலைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதனால் பெரியவரிடம், "மாமா, அந்தக் கருமாதி பத்திரிகை இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். "கருமாதி பத்திரிகையை எவனாச்சும் வீட்ல வெச்சுப்பானாம்மா? படிச்ச உடனே கிழிச்சு வெளிய போடணும்."

உண்மைதான். கல்யாணப் பத்திரிகைகளை இருபது வருஷம் பரணில் வைத்திருக்கிறோம். யாருக்கு யார் என்ன உறவு என்று ஒழுங்காக அச்சடித்த கருமாதி பத்திரிகையை மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் கையோடு கிழித்துவிடுகிறோம். ஒரு ஊரே சேர்ந்து தன் வம்சாவளியைக் குப்பையில் போடுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. பெரியவரே பிறகு, "தாத்தா ரைஸ்மில் வெச்சிருந்தாரில்ல, அதனால பேப்பர்லயும் போட்டாங்கன்னு அப்பா சொல்வாரு. கிருஷ்ணகிரியில வாரா வாரம் ஒரு பேப்பர் வந்துகினு இருந்துச்சு" என்றார். எந்த வருஷம் என்று கேட்டதற்கு, ஏரி நிரம்பிக் கரை வழிந்த காலம் என்றார். பெரியவருக்கு அப்போது ஐந்தாறு வயது.

அந்த வாரப் பத்திரிகை நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. விசாரித்துக்கொண்டு போனால், அதை அடித்த அச்சகம் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பிளெக்ஸ் கடையாக மாறியிருந்தது. பத்திரிகை நடத்தியவரின் மகள்தான் கடையைப் பார்த்துக்கொள்கிறார். என் வயதுதான் இருக்கும். கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பையன்களிடம் தெலுங்கு, போனில் கன்னடம், என்னிடம் தமிழ். நான் உள்ளே நுழைந்து, "ஒரு கண்ணீர் அஞ்சலி விஷயமா வந்தேன்" என்றேன்.

"அடடா. யாருங்க தவறிட்டாங்க?"

"என் மாமனாரோட அப்பா."

"எப்பங்க?"

"அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு."

அவர் ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு ஸ்டூலை எடுத்துப் போட்டார். கதையைச் சொன்னேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பரணிலிருந்து பைண்டு செய்த பழைய தொகுப்புகளை இறக்கச் சொன்னார். வெளியே எடுத்துப் போகக் கூடாது, லேமினேஷன் மேஜையில் உட்கார்ந்து பார்க்கலாம், காபி டம்ளரைப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று மூன்று உத்தரவு.

எங்கள் கம்பெனிக்குப் புதன்கிழமை லீவு. ஆடியில் நாலு புதன்கிழமை. முதல் இரண்டையும் நான் வீணாக்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேட வந்ததை விட்டுவிட்டு மற்றவர்கள் சாவைப் படித்துக்கொண்டிருந்தேன். அது அப்படி இழுக்கிறது. இந்துக்கள் இயற்கை எய்தினார்கள், சிவலோகம் போனார்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்கள். யார் எங்கே போனாலும் கீழே மகன் மருமகன் பட்டியலும், அவர்கள் பார்க்கும் உத்தியோகமும் தவறாமல் இருந்தது. செத்தவர் என்ன வேலை பார்த்தார் என்று போடாத விளம்பரத்தில்கூட மூன்றாவது மருமகன் மின்வாரியத்தில் இருப்பதைப் போட்டிருந்தார்கள். பர்கூரில் ஒருவர் இறந்த செய்தி வந்த மறுவாரம், அதே பேர் கொண்ட இன்னொருவர் பெட்டி கட்டி விளம்பரம் கொடுத்திருந்தார்: 'காலமானது நான் அல்ல. என் கடை வழக்கம்போல் திறந்திருக்கும்.' நான் வாய்விட்டுச் சிரித்ததில், அப்பாவுக்கு அஞ்சலி பேனர் அடிக்க வந்திருந்த ஒருவர் திரும்பிப் பார்த்து முறைத்தார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

மூன்றாவது புதன்கிழமை ஏரி வழிந்த செய்தி கிடைத்தது. அதிலிருந்து நாலு மாதம் தள்ளி, மூன்றாம் பக்கத்தில், தடித்த கறுப்புக் கட்டத்துக்குள் எங்கள் தாத்தா. ரைஸ்மில் உரிமையாளர், இயற்கை எய்தினார். கீழே மகன்கள் மூன்று பேர் பெயர், மகள்கள், மருமகன்கள். கடைசி வரியில் 'மைத்துனர்' என்று போட்டு, பெண்ணின் அப்பா தன் தாத்தாவுக்குச் சொன்ன அதே பெயர்.

நான் போட்ட சத்தத்தில் கடைப் பையன் மவுஸை விட்டுவிட்டு ஓடி வந்தான். மைத்துனர் என்றால் மனைவியின் தம்பி. பங்காளி இல்லை. மைத்துனர் வழியில் வந்த பெண் என்றால் என் மகனுக்குத் தங்கை முறை போய், மாமன் மகள் முறை ஆகிவிடும்! போனில் படம் எடுத்துப் பெரியவருக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் நானே கூப்பிட்டேன்.

அவர் நிதானமாகப் பதில் சொன்னார். "பாத்தேம்மா. ஆனா எங்க பாட்டிக்குக் கூடப் பொறந்தது ரெண்டு அக்கா மட்டும்தான். அண்ணனும் கெடையாது, தம்பியும் கெடையாது. எனக்கு நல்லாத் தெரியும். அச்சுக் கோத்தவன் மாத்திப் போட்டிருப்பான்."

அவர் பிடிவாதக்காரர்தான், ஆனால் பொய் சொல்பவர் இல்லை. என் கணவரைக் கேட்டேன். அவரும் ரெண்டு அக்காதான் என்றார். தம்பியே இல்லாத பாட்டியைக் கட்டியவருக்கு மைத்துனர் எங்கிருந்து வருவார்? ஓசூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சூளகிரி வரைக்கும் அச்சுக் கோத்தவனையும், அப்புறம் பாட்டியையும், அதற்கப்புறம் என் கணவர் குடும்பம் முழுவதையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டில் மகன் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே தோசை ஊற்றிக் கொடுத்தான். அதைச் சாப்பிடவே கஷ்டமாக இருந்தது.

நாலாவது புதன்கிழமை போவதா வேண்டாமா என்றிருந்தது. தொகுப்புகளைத் திருப்பி அடுக்கிக் கொடுக்கவாவது போக வேண்டும் என்று போனேன். கடைக்கார அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நன்றி விளம்பரம் பாத்தீங்களா?" என்றார்.

"அது என்னங்க?"

"அட, என்னம்மா நீங்க. அப்பல்லாம் வசதியான வீட்ல மூணு தடவை போடுவாங்க. செத்ததுக்கு ஒண்ணு, கருமாதிக்கு ஒண்ணு, எல்லாம் முடிஞ்சப்பறம் வந்து போனவங்களுக்கு நன்றின்னு ஒண்ணு. எங்கப்பாவுக்கு அதுலதான் வருமானமே. ஒரு மாசம் தள்ளிப் பாருங்க."

ஐந்து வாரம் தள்ளி இருந்தது. குடும்பம் கொடுத்தது இல்லை. அந்த நாலாவது மொட்டைக்காரர் தன் பெயரில் தனியாகக் கொடுத்தது. நீளமாக, பத்தி பிரிக்காமல், பொடி எழுத்தில்.

'என் மூத்த சகோதரியின் கணவரும், எட்டு வயது முதல் என்னை வளர்த்தவருமான அன்னாரின் ஈமக்கிரியைகளுக்கு வந்திருந்த அனைவருக்கும் நன்றி. என் சகோதரி பத்தொன்பதாம் வயதில் தலைப்பிரசவத்தில் சிசுவுடன் காலமான பின்பும், அவர் மறுமணம் செய்த பின்பும், என்னைத் திருப்பி அனுப்பாமல் தன் பிள்ளைகளோடு பிள்ளையாக வைத்துச் சோறு போட்டவர். எனக்கு முறை இல்லை என்று பெரியோர் தடுத்தும், நான் அவருக்கு முடி இறக்க மனமுவந்து இடம் கொடுத்த அவருடைய மூன்று குமாரர்களுக்கும் என் ஆயுள் உள்ளவரை நன்றி.'

சகோதரியின் பெயரும் இருந்தது. நான் அதை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்க முடியவில்லை, கண் மறைத்தது. யாரென்றே தெரியாத ஒரு மனுஷனுக்காக, ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு நன்றிக்காக, லேமினேஷன் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். பெரியவர் சொன்ன பாட்டி இரண்டாம் மனைவி. மூத்தவள் ஒருத்தி வந்து, பத்தொன்பது வயதில் போய்விட்டாள். அவளுக்குத்தான் தம்பி இருந்தான். அந்த வீட்டிலேயே வளர்ந்ததால் அந்த வீட்டு முனியப்பனையே அவனும் கும்பிட்டிருக்கிறான்.

கடைக்கார அம்மா எனக்குக் காபி வரவழைத்தார். அன்றைக்கு மட்டும் டம்ளரை மேஜையில் வைக்க அனுமதி உண்டு. "உங்க மூத்தாருக்குக் கண்ணு எப்படி?" என்று கேட்டார். புரை விழுந்திருக்கிறது, போனில் இவ்வளவு பொடி எழுத்துத் தெரியாது என்றேன். "அப்ப இருங்க" என்று, அந்த விளம்பரத்தை ஸ்கேன் செய்து மூன்றடிக்கு நாலடி பிளெக்ஸில் அடித்துச் சுருட்டிக் கையில் கொடுத்தார். ஓரத்தில் ரோஜாப்பூ பார்டர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார்.

வீட்டுக்குப் போகாமல் நேராக மத்தூர் பஸ் ஏறினேன். கணவரையும் அங்கே வரச் சொன்னேன். பெரியவர் வீட்டுக் கூடத்தில் நான் ஒரு முனையையும் என் கணவர் ஒரு முனையையும் பிடித்துக்கொண்டு, கட்சிக் கூட்டத்துக்கு வந்தவர்கள் மாதிரி நின்றோம். பெரியவர் ஒவ்வொரு வார்த்தையாக, சத்தமாகப் படித்தார். தலைப்பிரசவம் என்ற இடத்தில் நின்றார். முழுக்க முடித்தார். பிறகு மறுபடியும் அந்த இடத்துக்கே போனார். கை வலித்தது, நான் பிளெக்ஸை இறக்கவில்லை. இதற்கும் ஒரு மறுப்பு சொன்னால் பிளெக்ஸை அவர் தலையிலேயே போர்த்திவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

"ஏம்மா, நம்ம வீட்ல கல்யாணத்துக்கு முன்னாடி பூவாடைக்காரிக்குச் சேலை வெக்கறோமில்ல?" என்றார்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. கணவன் இருக்கும்போதே இறந்துபோன பெண்ணை வீட்டுத் தெய்வமாக வைத்து, நல்ல காரியத்துக்கு முன்னால் புதுச்சேலை, பூ, வளையல் வைத்துப் படைப்போம். அவளைப் பூவாடைக்காரி என்போம். என் கல்யாணத்துக்கும் படைத்தார்கள். அந்தச் சேலையை எனக்குத்தான் கொடுத்தார்கள்.

"எங்க பாட்டி தாத்தாவுக்கு அப்பறம் பத்து வருஷம் இருந்து செத்தாங்க. அவங்களுக்கு அந்தப் படையல் கெடையாது. அப்பா வெச்சாரு, நான் வெக்கறேன். யாருக்கு வெக்கறோம்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லம்மா" என்றார். உட்கார்ந்துவிட்டார். "நாப்பது வருஷமா நான் கும்புட்டது இந்தப் பொண்ணையா?"

என் கணவர் பிளெக்ஸை விட்டுவிட்டு அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பெரியவர் போனை எடுத்துக் கல்லாவிக்குப் போட்டார். "யாரு, மச்சானா?" என்று ஆரம்பித்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தப் பக்கம் ஒரே கூச்சல். பர்கூர்க்காரர்களுக்கு அன்றைக்கே சொல்லிவிட்டார்களாம்.

மறுநாள் மகன் பழைய டீ பிரேக்குக்கே போனான். அவள் அனுப்பிய ஒரு டிரே சாமானை அன்றே ரிஜெக்ட் செய்திருக்கிறான். அவள் மேனேஜரிடம் புகார் கொடுத்திருக்கிறாள். நிம்மதியாக இருந்தது.

ஆவணியில் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் படையல். வழக்கமாகச் சேலையை நாங்கள் எடுப்போம். இந்தத் தடவை கல்லாவியிலிருந்து அவர்களே எடுத்து வந்தார்கள்; பிறந்த வீட்டுச் சேலை. அந்தப் பெண்தான் தேர்ந்தெடுத்தாள், கத்திரிப்பூ நிறம், பத்தொன்பது வயதுக்காரி ஆசையாகக் கட்டிக்கொள்ளும் மாதிரி மெல்லிய சரிகை. இலை போட்டு, விளக்கேற்றி, பூவைச் சேலைமேல் போர்த்தினோம். பெரியவர் கற்பூரத் தட்டை எடுத்து, வழக்கப்படி "பூவாடைக்காரி..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு அவளுடைய பெயரைச் சொன்னார். அந்த வீட்டில் அந்தப் பெயர் கடைசியாக எப்போது ஒலித்ததோ தெரியாது. அவர் அறுபது வயதைத் தாண்டியவர், அவள் இருபதைத் தொடாதவள். அவளைப் பாட்டி என்று கூப்பிட்டார். யாரும் சிரிக்கவில்லை.

"பாட்டி, உன் தம்பி வீட்டுப் பொண்ணு வந்திருக்கு. இனிமே உனக்கு அவ சேலை வெப்பா" என்றார்.